வெளியேறியவர் பெயர்

"அக்கா, கருவாடு மட்டும் வைக்காதே. டேங்க்குள்ள இறங்குனா ஏப்பமா வருது. மாஸ்க்குக்குள்ள அந்த வாடையோட ஒரு மணி நேரம் கெடக்கறது ரொம்பக் கஷ்டம், சுசாலா."

தம்பி இதைச் சொன்னது செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு. நான் கருவாட்டைத்தான் வைத்தேன். வீட்டில் அன்று வேறு ஒன்றும் இல்லை. அவன் டிபன் கேரியரின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "உன்னைக் கட்டப்போறவன் பாவம்" என்றான். அப்பா வெளியே ஹோண்டாவை உதைத்துக்கொண்டிருந்தார். "சண்டைய சாயங்காலம் வச்சுக்குங்க. மணியாச்சு" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அவர்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். நான் பஸ்ஸில் போனேன். மூவரும் போனது ஒரே இடத்துக்குத்தான்.

1985, ஜூலை 9.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் இருந்த அந்த ரப்பர் பால் தொழிற்சாலையில் ஆறு பெரிய தொட்டிகள் இருந்தன. தோட்டங்களிலிருந்து லாரியில் வரும் பால், அமோனியா கலந்து அவற்றில் நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கலக்கி. பாலை இறக்கிய பிறகு, சுவரில் ஒட்டிக் காய்ந்ததைச் சுரண்டி எடுக்க ஆள் உள்ளே இறங்கவேண்டும். அது கொந்தரெக் ஆட்களின், ஒப்பந்தக் கூலிகளின், வேலை. நாங்கள் இருந்த தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்டு, நாங்கள் ஈப்போவுக்கு வந்த பிறகு அப்பா ஜனவரியில் அந்த வேலையில் சேர்ந்தார். தம்பி மே மாதம் சேர்ந்தான். நான் அதே இடத்தில், மாடியில், குளிரூட்டிய கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன். முதலில் தட்டச்சு வேலைக்குத்தான் எடுத்தார்கள். மாலை வகுப்புக்குப் போய்ப் படித்ததால் பிறகு புரோகிராம் எழுதவும் விட்டார்கள்.

முன்பெல்லாம் தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையைக் கலக்கியின் சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்து அவனே கழற்றுவான். கம்ப்யூட்டர் வந்ததும் வில்லை போயிற்று. கீழே ஒரு சன்னல், அதற்குப் பின்னால் ஒரு டெர்மினல், அதன் முன்னால் பாப்பா என்ற பெண். இறங்கும்போது பெயரையும் தொட்டி எண்ணையும் அவளிடம் சொல்லவேண்டும். வெளியே வந்ததும் பெயரைச் சொன்னால் போதும், அவள் தட்டுவாள், திரையிலிருந்து அந்தப் பெயர் அழிந்துவிடும். பெயர் ஒன்றுகூட இல்லாத தொட்டியின் கலக்கியைத்தான் ஓட்டலாம். டெர்மினல் வெறும் கண்ணாடி மாதிரி. கணக்கெல்லாம் மாடியில் எங்கள் அறையிலிருந்த பெரிய மெஷினில்தான் நடந்தது.

அன்று பிற்பகல் மூன்று இருபதுக்கு நான்காம் தொட்டியின் கலக்கியைப் போட்டார்கள். தம்பி உள்ளே இருந்தான்.

அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

சவக்கிடங்கில் ஒரு குமாஸ்தா அம்மாவிடம் பெயர் கேட்டார். அம்மா வாயைத் திறந்து, மூடி, என்னைப் பார்த்தாள். தம்பிக்குத் தாத்தாவின் பெயர். மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால், பெற்ற பிள்ளையை அம்மா ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சாமி' என்பாள். அதனால் எங்களுக்கும் அவன் சாமிதான். தெருவிலும் சாமி, தொழிற்சாலையிலும் சாமி. நான் முன்னால் போய், "பழனியப்பன், ஏ/எல் உடையப்பன்" என்று, அடையாள அட்டையில் உள்ளபடி அப்பா பெயரோடு சொன்னேன். சொல்லும்போது அது யாரோ ஒருவருடைய பெயர் போல இருந்தது.

அடக்கம் புதன்கிழமை. வியாழக்கிழமை மேலதிகாரி கார்த்திகேசு இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். துக்கம் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அன்றைய பதிவின் அச்சு. மூன்று பன்னிரண்டுக்குப் பழனியப்பன் வெளியேறியதாக அதில் இருந்தது.

"சாமி வெளிய வரலையே, சன்னலுக்கு யாரு வந்தா?" என்று கேட்டேன்.

கார்த்திகேசு அப்பாவைப் பார்த்தார். "அந்த நேரத்துக்குச் சன்னல்ல நின்னது அண்ணன்தான். பாப்பா சொல்லுது. அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வாய் தவறி மகன் பேரச் சொல்லிட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த புதன்கிழமை அரசாங்க ஆளுங்க வந்து விசாரிப்பாங்க."

அப்பா யோசித்தார். அதுதான் தொடக்கம்.

அவர் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, சன்னலில் தான் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "உடையப்பன்னு சொன்னேன். வெளிய வந்தாச்சுன்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் கழித்து, "சாமிக்கு இன்னும் முடியலன்னு சொன்னேன்ல? அவன் பேரு வாயில வந்திருக்குமோ?" பிறகு வேறு குரலில், "பழனியப்பன் வெளிய." அதைச் சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று காது கொடுத்துக் கேட்பது போல இருப்பார். சனிக்கிழமை வருவதற்குள் கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு உண்மையாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. சாப்பிடவில்லை. தூங்கவில்லை. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே விட்டா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும், சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அச்சில் வந்தது, மெஷின் முடிவு செய்த பெயர். சன்னலில் பாப்பா தட்டிய எழுத்துகள் அப்படியே வேறோர் இடத்தில் இருந்தன, அன்றாடப் பதிவு நாடாவில். நாடாக்கள் ஆறு. திங்கள் முதல் சனி வரை, நாளுக்கு ஒன்று. வரும் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, போன செவ்வாயின் நாடாவை மாட்டி அதன் மேலேயே புதிய பதிவை எழுதுவார்கள். அதற்குள் அதைப் படித்தாகவேண்டும்.

சனிக்கிழமை காலை சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். அம்மா குறுக்கே நின்றாள். "தீட்டு வீடு. காரியம் முடியல. நீ எங்க போற?"

"வேலைக்கு."

"என்ன புள்ள நீ?" என்றாள். அவ்வளவுதான். வழியை விட்டாள்.

முதலில் சன்னலுக்குப் போனேன். பாப்பா என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். இருபது வயசுக்காரி, தீபாவளிக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது.

"மங்களம் அக்கா, நான் வேணும்னு சொல்லலக்கா. அவங்க பேப்பரக் காட்டி, இந்தப் பேரு எப்படி வந்துச்சு, நீ தப்பா தட்டுனியா, மாமா தப்பா சொன்னாரா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னாங்க."

"நீ ரெண்டாவதச் சொன்ன."

"நான் தப்பா தட்டலக்கா! மாமா என்ன சொன்னாரோ அதத்தான் தட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

அவள் அழ ஆரம்பித்தாள். "ஒரு நாளைக்கு நூறு பேரு வாரான், போறான். ஒருத்தன் அப்பன் பேர முன்னால சொல்றான், ஒருத்தன் பின்னால சொல்றான். எனக்கு எப்படிக்கா ஞாபகம் இருக்கும்? அன்னிக்கு எல்லாமே கோளாறு. ரெண்டாம் டேங்க்கக்கூட, அஞ்சு மணிக்குப் பட்டியல மொத்தமா அழிக்கிற வரைக்கும் ஓட்ட விடல. உள்ள ஆளு இருக்குன்னு ஸ்கிரீன் சொல்லுது. எட்டிப் பாத்தா ஒருத்தனும் இல்ல. கார்த்திகேசு சார் என்னைத்தான் திட்டுனாரு."

அன்று அப்பா சுரண்டியது இரண்டாம் தொட்டியை.

நான் படியேறிக்கொண்டே இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அப்பா வெளியே வந்துவிட்டார், ஆனால் மெஷின் அவரை உள்ளேயே வைத்திருந்தது. தம்பி உள்ளே இருந்தான், மெஷின் அவனை வெளியே அனுப்பிவிட்டது. யாருடைய வாயும் தவறவில்லை. தவறு மேலே இருந்தது.

எங்கள் பகுதித் தலைவர் வள்ளியப்பன். செட்டியார் வீட்டுப் பிள்ளை, லண்டனில் படித்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்டதைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க லீவில இருக்கணும், மங்களம்."

"செவ்வாய் நாடா வேணும் சார். புரோகிராமுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நாடாவ அதுல விட்டு, ஒவ்வொரு வரியா நிறுத்திப் பாக்கணும்."

"எதை வச்சு நிறுத்துவீங்க? புரோகிராமத் திறந்து திருத்த நம்மகிட்ட இருக்கிற எடிட்டர்ல ஒரு நேரத்தில ஒரு வரிதான் தெரியும். ஆறாயிரம் வரி இருக்கு."

"சிங்கப்பூர்லேர்ந்து வந்த புது எடிட்டர் இருக்கே சார். மூணு மாசமா பெட்டி பிரிக்காம கெடக்கு."

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "ஓடுற மெஷின் அது. ஆறு தொட்டிக்கும் அதுதான் காவல். நீங்க எதையாவது ஏத்தி அது நின்னுபோச்சுன்னா இன்னொரு ஆள் போவான்." பிறகு சொன்னார்: "இன்னிக்கு மத்தியானம் எல்லாரும் போன பிறகு எடிட்டரை மட்டும் ஏத்துங்க. நாடாவ ஓட்டுறது திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்துல. ஒண்ணரை மணி நேரம். நான் பக்கத்துல இருப்பேன்."

சனிக்கிழமை ஒரு மணிக்கு அறை காலியானது. எடிட்டர் ஏறிவிட்டது. ஆனால் திறந்ததும் திரை முழுவதும் குப்பை. அந்த எடிட்டருக்குத் தெரிந்த டெர்மினல்களின் பட்டியலில் எங்கள் டெர்மினல் இல்லை. அம்புக்குறி விசையை அழுத்தினால் வரி கீழே போவதற்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கொட்டின. திரையைத் துடைக்க இதை அனுப்பு, அடுத்த வரிக்கு நகர இதை அனுப்பு, இந்த விசையிலிருந்து இது வரும் என்று ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக் கொடுக்கும் சிறிய கோப்பு ஒன்றை நானே எழுதவேண்டியிருந்தது. டெர்மினலின் கையேட்டில் எண்கள் ஒரு கணக்கில், எடிட்டரின் கையேட்டில் வேறொரு கணக்கில். பென்சிலால் மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு எண்ணைத் தவறாகப் போட்டதில் டெர்மினல் பூட்டிக்கொண்டது, மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டேன். பூட்டியது என் டெர்மினல் மட்டுமா, கீழே சன்னலில் இருப்பதும் சேர்ந்தா என்று கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். என்னுடையது மட்டும்தான்.

நான்கரைக்குத் திரை சுத்தமாக வந்தது. இருபத்து நான்கு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அம்புக்குறியை அழுத்தினேன், கீழே இறங்கியது. பிறகு புரோகிராமின் நகலை எடுத்து, ஓடும்போது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும்படியான முறையில் அதைப் புதிதாகக் கட்டி, வேறு பெயரில் வைத்தேன். அதன் மேல்பாகத்தைப் படிக்கவில்லை. பெயர்களை ஒப்பிடும் பகுதியையும் அன்று படிக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னிடம், "நாந்தான் சொன்னேன் மங்களம். எனக்குக் கேட்டுருச்சு. பழனியப்பன் வெளியன்னு நாந்தான் சொன்னேன். புதன்கிழமை அதையே சொல்லிடறேன்" என்றார். அவர் முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு ஆப்பரேட்டர்கள் சாப்பிடப் போனார்கள். வள்ளியப்பன் தானே நாடாவை எடுத்து மாட்டினார். நான் எடிட்டரைத் திறந்து, வெளியேறும் பெயரைத் தேடும் இடத்தில் 'இங்கே நில்' என்று குறித்தேன். நகல் ஓட ஆரம்பித்தது. காலை ஏழு மணியின் பதிவுகள் போயின. ஒவ்வொரு பெயருக்கும் நின்றது. நான் விசையை அழுத்த அழுத்த அடுத்த பெயருக்குப் போனது. எட்டு மணி. ஒன்பது மணி. நாடா இவ்வளவு மெதுவாக நகரும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. காலைப் பெயர்களுக்கு நிற்கவேண்டாம், பிற்பகல் மூன்றுக்குப் பிறகு மட்டும் நில் என்று மாற்றினேன். மணி ஒன்று ஐந்து.

ஒன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. வள்ளியப்பன் எடுத்தார். எதிர்முனையில் கார்த்திகேசு கத்தியது எனக்கே கேட்டது.

"ஸ்கிரீன் ஆடாம நிக்குது சார்! பாப்பா தட்டுறது ஒண்ணும் ஏறல. மூணு டேங்க்ல ஆளு இருக்கு. பால் லாரி ரெண்டு வந்து வாசல்ல நிக்குது."

என் நகல்தான் மெஷினைப் பிடித்து வைத்திருந்தது. நாடாவைப் படிக்கப் படிக்க மற்ற எல்லாம் காத்து நின்றன.

வள்ளியப்பன் தொலைபேசியின் வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நிறுத்திடுங்க."

"நாடாவுல ரெண்டே கால் மணிப் பதிவு வந்துருச்சு சார். இன்னும் ஒரு மணி நேரப் பதிவுதான்."

"மங்களம்."

"நிறுத்துனா முதல்லேர்ந்து ஓட்டணும். நாளைக்கு நாடா போயிரும்."

அவர் தொலைபேசியைக் காதுக்குக் கொண்டுபோனார். அன்றுதான் அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன். "கார்த்திகேசு, நல்லாக் கேளுங்க. ஆறு தொட்டியிலயும் ஒரு சுவிட்சக்கூடத் தொடக்கூடாது. தாபோலே, கூடவே கூடாது. நான் கீழ வந்து கையக் காட்டுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. லாரி நிக்கட்டும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் முன்னால ஒரு ஆள நிறுத்துங்க. நீங்களே ஒண்ணுல நில்லுங்க." தொலைபேசியை வைத்துவிட்டு, "பத்து நிமிஷம்" என்றார்.

ஏழாவது நிமிடத்தில் நின்றது.

திரையின் கீழ்ப்பகுதியில் இரண்டு பெயர்களைக் காட்டும்படி வைத்திருந்தேன். சன்னலில் தட்டிய பெயர் ஒன்று, மெஷின் பொருத்தமென்று எடுத்த பெயர் ஒன்று. தட்டியது: உடையப்பன் பழனியப்பன். நேரம் மூன்று பன்னிரண்டு.

அப்பா தன் பெயரைத்தான் சொல்லியிருந்தார்.

விசையை அழுத்தினேன். அடுத்த வரி. உள்ளே இருப்பவர்களின் பட்டியலை முதலிலிருந்து பார்க்கிறது. முதல் ஆள் இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது, ஒன்று ஐம்பதுக்கு நான்காம் தொட்டிக்குள் இறங்கிய பழனியப்பன் உடையப்பன். நேராக ஒப்பிட்டது, பொருந்தவில்லை. அடுத்த வரிக்குப் போனது. அங்கே பெயரின் இரண்டு பாகங்களையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஒப்பிட்டது. பொருந்தியது. அதற்குப் பிறகு பட்டியலில் கீழே பார்க்கவே இல்லை. இரண்டு ஐந்துக்கு இரண்டாம் தொட்டிக்குள் இறங்கிய உடையப்பன் பழனியப்பன் கீழே ஐந்தாவது இடத்தில் இருந்தார். அவர் வரை அது போகவில்லை.

அந்த வரி யாருடையது என்று பார்க்க நான் மேலே ஏறவேண்டியதில்லை. அதை எழுதிய பிற்பகல் எனக்கு ஞாபகம் இருந்தது. பிப்ரவரி மாதம். நம் ஆட்கள் இறங்கும்போது ஒரு மாதிரியும் ஏறும்போது ஒரு மாதிரியும் பெயர் சொல்வார்கள். அடையாள அட்டையில் தன் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். தோட்டத்துப் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுத்துப் பெயர் கூப்பிடும்போது, அப்பாவின் எழுத்து முன்னால். சன்னலில் இருப்பவள் கேட்டபடி தட்டுவாள். வெளியே வந்தவன் திரையில் உள்ளேயே கிடப்பான், தொட்டி மணிக்கணக்கில் சும்மா நிற்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த புரோகிராமருக்கு இது பிடிபடவே இல்லை. நான் ஒரு பிற்பகலில் சரி செய்தேன். எந்த வரிசையில் சொன்னாலும் ஆள் ஒருவர்தானே என்று இரண்டு விதமாகவும் ஒப்பிட்டு, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆறு பேரின் பெயர்களை வைத்துச் சோதித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். கார்த்திகேசு கேக் வாங்கிக் கொடுத்தார்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில், மகனின் பெயரைத் திருப்பிப் போட்டால் அப்பாவின் பெயர் வரும். என் வீடு அப்படிப்பட்ட வீடு. மே மாதம் தம்பி வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு அது தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. சேர்ந்தவன் சாமி. இரண்டு மாதமாக இருவரும் ஒரே தொட்டியில் இறங்கி ஒன்றாகவே ஏறினார்கள். ஒருவர் பெயருக்கு மற்றவர் பெயர் அழிந்தாலும் இரண்டும் அழிந்துவிடும், யாருக்கும் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாகத் தனித்தனித் தொட்டி.

வள்ளியப்பன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர் மெதுவாக, "எங்க வீட்டிலயும் அப்படித்தான். என் மகனுக்கு எங்க அப்பா பேரு" என்றார். பிறகு, "பிப்ரவரியில இதுல கையெழுத்துப் போட்டது நான்" என்றார்.

திரையில் தெரிந்ததை அச்சில் எடுத்துக்கொண்டு நகலை நிறுத்தினேன். அவர் கீழே ஓடினார். சன்னல் திரை உயிர் வந்து ஆடியது. ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஆள் விட்டுப் பார்த்து, தலையை எண்ணிய பிறகே கையைக் காட்டினாராம். பாப்பா சொன்னாள்.

மாலை ஐந்து மணிக்கு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"புரோகிராம் கோளாறுன்னு அறிக்கை கொடுக்கிறேன். உங்கப்பா மேல ஒரு சொல்லும் வராது. பாப்பா மேலயும் வராது. யார் எழுதினதுன்னு அதுல இருக்கவேண்டியதில்ல. வெளியாள் புரோகிராம்தானே, நாம மாத்தினோம், அவ்வளவுதான்."

"அந்தப் பகுதிக்கு மேல என் பேரும் தேதியும் இருக்கு சார்."

"ஒரு வரிதான். எடிட்டர் உங்ககிட்டத்தானே இருக்கு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்காகவும் தனக்காகவும் பேசினார். அம்புக்குறியை அந்த வரிக்குக் கொண்டுபோய் ஒரு விசையை அழுத்தினால் போதும். சனிக்கிழமை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து நான் ஏற்படுத்திக்கொடுத்த வசதி அது. அப்பாவிடம் "யார் செஞ்சது?" என்ற கேள்வி வந்தால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். யாரும் செய்யவில்லை, மெஷின் செய்தது என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். மறுபடியும் தரையில் உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

அப்பா அன்றும் சமையலறைத் தரையில்தான் இருந்தார். அம்மா அடுப்பருகே. நான் சேலையை மாற்றாமலே அவருக்கு எதிரில் உட்கார்ந்து அச்சுத்தாளை விரித்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. விரலை வைத்துச் சொன்னேன்.

"இதுதாம்பா பாப்பா தட்டினது. உடையப்பன். உங்க பேரு. நீங்க உங்க பேரத்தான் சொல்லியிருக்கீங்க."

"இல்ல, நான் அவன்..."

"இல்லப்பா. இங்க இருக்கு. மெஷினுதான் அதத் திருப்பிப் போட்டு அவன் பேர அழிச்சிருக்கு. திருப்பிப் போடச் சொல்லி எழுதினது நான்."

அவர் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். "நீயா?"

"நாந்தான். பிப்ரவரியில. உங்க ரெண்டு பேர் பேரும் திருப்பினா ஒண்ணா வரும்னு எனக்குத் தோணலப்பா."

அடுப்பில் ஏதோ அடிப்பிடித்தது. அம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"உனக்கு எப்படித் தோணும்? ஒரு நாளாச்சும் நான் அந்தப் பேர இந்த வீட்டுல சொல்லியிருந்தா தோணியிருக்கும்."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "அப்ப நான் என் பேரத்தான் சொன்னேன்" என்றார்.

"ஆமாப்பா."

"என் பேரத்தான் சொன்னேன்" என்று இன்னொரு முறை சொன்னார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கேயே பக்கவாட்டில் சாய்ந்தார். ஆறு நாளாகத் தூங்காத மனிதர், மறுநாள் பத்து மணி வரை தூங்கினார். நான் விளக்கை அணைக்கப் போனபோது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குமேல், எனக்கு நேரே முகம் கொடுத்து அவர் பேசியதில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குச் சொல்வாள். தஞ்சோங் ரம்புத்தானுக்கு யாரும் அவரைக் கொண்டுபோகவில்லை. நான் கேட்டது அதுதான், கிடைத்தது.

புதன்கிழமை விசாரணையில் அதிகாரி மலாயில் கேட்டார், யார் எழுதியது என்று. எழுந்து நின்று சொன்னேன். வள்ளியப்பனும் எழுந்து தான் அனுமதித்ததைச் சொன்னார். அப்படிச் செய்வாரென்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அதிகாரி பாப்பாவைக் கூப்பிட்டு, உன்மேல் தவறில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கார்த்திகேசு தலையைக் குனிந்துகொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டதைத் தானாகவே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் கொந்தரெக் ஆட்களுக்கும் எண் அட்டை கொடுத்தார்கள். பித்தளை வில்லையும் திரும்ப வந்தது. என் ராஜினாமாவை வள்ளியப்பன் மூன்று வாரம் மேசையிலேயே வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் கமுந்திங்கில் ஒரு நூல் ஆலையில் வெறும் தட்டச்சு வேலைக்குப் போனேன்.

அன்றைய பதிவைத் திருத்தவில்லை. விசாரணைக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டதை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். பாப்பா கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை என்னைச் சந்தையில் பார்த்தபோது, அந்தக் கோப்பின் படி ஒன்று அலுவலகத்தில் அப்படியே இருப்பதாகச் சொன்னாள். அதில் பழனியப்பன் மூன்று பன்னிரண்டுக்கு வெளியேறியிருக்கிறான். இரண்டு ஐந்துக்கு இறங்கிய உடையப்பனுக்கு வெளியேறிய நேரம் இல்லை. அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்தத் தாளின்படி அவர் இன்னும் இரண்டாம் தொட்டிக்குள் இருக்கிறார்.